பாகாலாவில் பத்து நிமிஷம்

எனக்கு வாய் ஜாஸ்தி. இதை நானே சொல்லிவிடுகிறேன், பிறகு மற்றவர்கள் சொல்லத் தேவையில்லை. கோயிலில் வரிசையைத் தாண்டி நுழைகிறவனைப் பார்த்தால், குளத்தில் எச்சில் துப்புகிறவனைப் பார்த்தால், கேட்காமல் என்னால் நகர முடியாது. கேட்டால்தான் அன்றைக்குச் சோறு இறங்கும். “ஊர் வம்பு உனுக்கு இன்னாத்துக்குமே?” என்று என் வீட்டுக்காரர் சொல்லாத நாள் கிடையாது. எனக்கு மட்டும் ஊர் வம்பில் ஆசையா என்ன? ஒரு இடத்துக்குப் போனால் அந்த இடத்துக்கென்று ஒரு முறை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு நடக்க முடியாதவர்கள் எதற்காக வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள்? இன்றைக்கும் எனக்கு இது புரியவில்லை. ஆனால் இப்போதெல்லாம் நான் கேட்பதில்லை. ஏன் கேட்பதில்லை என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

நாங்கள் நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு. என்னைச் சித்தூரில் கட்டிக் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் வெல்ல மண்டியில் எடை போடுகிறவர். வாரத்தில் ஆறு நாள் அவர் சட்டையில் வெல்லப்பாகு வாசனை அடிக்கும். தங்கச்சியைப் பாகாலாவில் கொடுத்தார்கள். அவள் புருஷன் அங்கே ரயில் ஷெட்டில் இன்ஜினுக்குக் கரி போடுகிற ஆள். எனக்கும் அவளுக்கும் ஏழு வயசு வித்தியாசம். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தது நான்தான். அவளுக்குத் தலைமயிர் ரொம்ப அடர்த்தி, சிக்கு எடுத்தால் கத்துவாள். நைனா எடுத்தாலும் சரி, சித்தி எடுத்தாலும் சரி, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி ஊளையிடுவாள். நான் எடுத்தால் மட்டும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கல்யாணமாகி பாகாலாவுக்குப் போன பிறகும், நான் போகிற அன்றைக்கு வேண்டுமென்றே தலையைச் சீவாமல் வைத்திருப்பாள். “அக்கா வந்துட்டா, இனிமே அவ பாடு” என்று சீப்பை என் மடியில் போடுவாள்.

ஆந்திர ராஜ்ஜியம் தனியாகப் பிரிந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். எந்த ஊர் எந்தப் பக்கம் என்ற பேச்சுதான் எங்கே பார்த்தாலும். மண்டியில், பஸ்ஸில், ரயிலில், கல்யாணப் பந்தியில்கூட அதே பேச்சு. எங்கள் தெருவிலேயே ஒருவர் மெட்ராஸோடு சேர வேண்டும் என்பார், அடுத்த வீட்டுக்காரர் ஆந்திராதான் என்பார், சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து வெற்றிலை போடுவார்கள். எனக்கு அந்த வம்பில் மட்டும் அக்கறை இல்லை. ஏனென்றால் அந்த வருஷம் தங்கச்சி டைபாய்டு காய்ச்சலில் கிடந்தாள்.

இருபது நாளுக்குமேல் காய்ச்சல். பத்து நாள் நான் அங்கேயே இருந்தேன். என்னைப் பார்த்து ‘யாரு?’ என்று கேட்டாள், அந்த அளவுக்குப் புத்தி தடுமாறிக் கிடந்தாள். அன்றைக்குத்தான் நேர்ந்துகொண்டேன். இவள் எழுந்து உட்காரட்டும், நான் மஞ்சள் புடவை கட்டி, ஏழு வீட்டில் ‘கோவிந்தா’ சொல்லி அரிசி வாங்கி, நடந்தே மலையேறி வந்து மொட்டை போடுகிறேன் என்று. நேர்ந்து மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ரயில்வே டாக்டர் மருந்து இறக்கியது என்றார் என் வீட்டுக்காரர். நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன், அதோடு நிறுத்திக்கொண்டார்.

எங்கள் வீட்டில் திருப்பதிக்கு நேர்ந்துகொண்டால் ஒரு முறை உண்டு. மஞ்சள் கட்டிக் கிளம்பினால் நேரே மலை. மலையிலிருந்து இறங்கினால் நேரே சொந்த வீடு. வீட்டில் விளக்கேற்றி, பிரசாதத்தைப் படைத்துக் கும்பிட்ட பிறகுதான் மஞ்சளை அவிழ்க்க வேண்டும். நடுவில் இன்னொரு வீட்டு வாசப்படியை மிதிக்கவே கூடாது. மிதித்தால் போய் வந்த பலன் அந்த வீட்டிலேயே தங்கிவிடும் என்பார்கள். எங்கள் ஊரில் பச்சைக் குழந்தைக்குக்கூட இது தெரியும்.

அதனால் போகும்போது பாகாலாவில் வண்டி நின்றபோதும் நான் இறங்கவில்லை. தங்கச்சி புருஷன் ஷெட்டிலிருந்து கரி அப்பிய கையோடு ஜன்னலுக்கு ஓடி வந்தான். “நேத்து எழுந்து குந்திக்கினு கஞ்சி குடிச்சாக்கா” என்று சொல்லிச் சிரித்தான். “வரும்போது ஒரு நடை எறங்கிட்டுப் போங்கோ. அக்கா எப்ப வரும், அக்கா எப்ப வரும்னு கேட்டுக்கினே கீறா.”

“வேண்டுதல்ல கீறேன் தம்பி. வூட்டுக்குப் போயிட்டு மறுநாளு காலம்பர மொத வண்டிக்குப் பிரசாதத்தோட வந்துடறேன்னு சொல்லு.”

அவனுக்கும் முறை தெரியும். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனான்.

திருச்சானூரில் தாயாரைக் கும்பிட்டுவிட்டு மலையேறலாம் என்று முதலில் அங்கே போனோம். அங்கேதான் அந்தக் கூட்டத்தை முதலில் பார்த்தேன். மெட்ராஸிலிருந்து ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள், பத்துப் பன்னிரண்டு பேர். கழுத்தில் கேமரா தொங்க ஒருத்தர், டிபன் கேரியர்கள், சிரிப்பு, கூச்சல். தாயார் குளத்துப் படியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுத் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். நுரை அப்படியே தண்ணீரில் மிதந்து போகிறது. பக்கத்துப் படியில் ஜனங்கள் அதே தண்ணீரைக் கையில் அள்ளித் தலையில் தெளித்துக்கொள்கிறார்கள்.

எனக்குக் குப்பென்று ஏறியது. “ஏன்யா, ஒங்க ஊர்ல குழாய் இல்லியா? சாமி கொளத்துல வந்துதான் அழுக்குத் துவைக்கணுமா?” என்றேன்.

கேமராக்காரர் திரும்பிப் பார்த்தார். “அம்மா தமிழா, தெலுங்கா?” என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். “ரெண்டுங்கெட்டான் ஜில்லா சார் இது” என்று இன்னொருத்தர் சொன்னார். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. என் வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். வழியெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. குளத்துக்காகப் பாதி, அந்தச் சிரிப்புக்காகப் பாதி.

அலிபிரியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏற ஆரம்பித்தோம். ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்தேன். ஒவ்வொரு படியிலும் தங்கச்சி முகம்தான். முழங்கால் முறிச்சான் என்கிற செங்குத்து ஏற்றத்தில் முட்டிபோட்டே ஏறினேன், முட்டித் தோல் உரிந்து புடவை ஒட்டிக்கொண்டது. அவர் “போதும்மே” என்றார். இதில் போதும் என்ன, போதாது என்ன? உயிரைக் கேட்டிருக்கிறேன், உயிரைக் கொடுத்திருக்கிறார். மேலே போய் மொட்டை போட்டுக்கொண்டு, சந்தனம் பூசிக்கொண்டு, குளத்தில் முழுகி, வராகரை முதலில் கும்பிட்டு, பிறகுதான் பெருமாளிடம் போனேன். ஒரு முறையை விடவில்லை. கதவைத் தாண்டி அவரைப் பார்த்த அந்த ஒரு நிமிஷத்தில் எனக்காக ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. ‘குடுத்தியே, அப்படியே வெச்சிரு’ என்று மட்டும் சொன்னேன்.

வெளியே வந்தால் அதே கூட்டம். பஸ்ஸில் ஏறி வந்திருக்கிறார்கள். எச்சில் தொன்னைகளைக் காலடியில் போட்டுவிட்டு, தூணில் சாய்ந்து நின்று படம் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் நீலச் சேலை கட்டிய ஒருத்தி, என் வயசுதான் இருக்கும், தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு நிற்கிறாள். மலைமேல்! மலையில் பூக்கிற பூவும், மலைக்கு வருகிற பூவும் பெருமாளுக்கு மட்டும்தான். மனுஷர் யாரும் சூடக் கூடாது. கல்யாணப் பெண்ணே கீழே கழற்றி வைத்துவிட்டுத்தான் வருவாள்.

நேரே போய் அவள் முன்னால் நின்றேன். “ஏம்மா, கண்ணு தெரியலியா? இங்க ஒரு பொம்பள தலையிலாவது பூ கீதா பாரு. சாமி பூவைப் புடுங்கித் தலையில வெச்சிக்கினு நிக்கறியே, வெக்கமா இல்ல?”

“கீதாவா? கீதான்னா எந்த கீதா?” என்று கேமராக்காரர் நக்கலடித்தார். மறுபடியும் சிரிப்பு. ஆனால் அந்த நீலச் சேலைக்காரி சிரிக்கவில்லை. முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. “ஐயோ, எனக்கு யாருமே சொல்லலையேங்க” என்றாள். சட்டென்று பூவை எடுத்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தாள். “எங்க சேர்க்கணுமோ நீங்களே சேர்த்துடுங்க அக்கா.”

யாருக்கு யார் அக்கா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு பூவை வாங்கிக்கொண்டேன். அவள் உடனே எடுத்தாள் என்பது அப்போது என் கண்ணில் படவே இல்லை. வைத்திருந்தாள் என்பதுதான் பட்டது.

மறுநாள் மத்தியானம் திருப்பதியில் ரயில் ஏறினோம். சின்ன ரயில், பாகாலா, சித்தூர் வழியாகக் காட்பாடி போகிறது. பெட்டியில் உட்கார்ந்து மூட்டையை மடியில் வைக்கிறேன், அந்தக் கூட்டம் மொத்தமும் அதே பெட்டியில் ஏறுகிறது. வேலூர்க் கோட்டையைப் பார்க்கப் போகிறார்களாம். என் தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டேன். ஏறின உடனே சீட்டுக் கட்டைப் பிரித்தார்கள். ஆரஞ்சுத் தோலையும் கடலைத் தோலையும் தரையெல்லாம் இறைத்தார்கள். ஒரு கிழவர் மூட்டையை வைத்திருந்த இடத்தில் காலைத் தூக்கி நீட்டிக்கொண்டார்கள். சந்திரகிரி தாண்டும்போது, இந்த ஊரெல்லாம் யாருக்குப் போனால் என்ன, கல்லும் கள்ளியும்தானே என்று ஒருத்தர் சொன்னார்.

நீலச் சேலைக்காரி எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். தலையில் புதுசாக மல்லிகை. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “கீழே வந்துட்டோமே, இப்போ வெச்சுக்கலாம் இல்லையா?” என்று கேட்டாள். நிஜமாகத்தான் கேட்டிருக்கிறாள். நான் கிண்டல் என்று எடுத்துக்கொண்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். முறுக்குத் தூக்கை நீட்டினாள். “நாங்க வேண்டுதல்ல கீறோம், வெளி ஆளுங்க கையால துன்றதில்ல” என்று சொன்னேன். என் வீட்டுக்காரர் மட்டும், “பரவால்லம்மா, அவ அப்பிடித்தான்” என்று சொல்லிச் சிரித்தார்.

பாகாலாவில் வண்டி அரை மணிக்குமேல் நிற்கும். இன்ஜின் தண்ணீர் பிடிக்க வேண்டும், தர்மவரம் வண்டியும் வந்து சேர வேண்டும். ரயில்வே வீடுகள் இரண்டு தண்டவாளம் தாண்டி எதிரேயே வரிசையாக இருக்கும். மூன்றாவது வீடு தங்கச்சியுடையது. வாசலில் ஒரு கொய்யா மரம்.

வண்டி நிற்கும் முன்னாலேயே பார்த்துவிட்டேன். வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, சுவரில் தலையணையை முட்டுக்கொடுத்து அவளை உட்கார வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் அவள் மாமியார் முறத்தால் வீசிக்கொண்டிருக்கிறாள். உட்கார்ந்திருக்கிறாள்! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “பாரு மாமா, குந்திக்கினு கீறா பாரு” என்றேன். கையை ஆட்டினேன். வெயில் கூசுகிறதோ என்னவோ, அவள் நெற்றிமேல் கையை வைத்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகத் தேடினாள். மொட்டைத் தலையோடு என்னை அடையாளம் தெரியவில்லை போலிருக்கிறது. பார்வை என்மேல் வந்து, என்னைத் தாண்டி அடுத்த ஜன்னலுக்குப் போய்விட்டது.

“எறங்கி ஒரு எட்டு பாத்துட்டு வந்துடுமே” என்றார் அவர்.

“எப்படி எறங்கறது? மஞ்சளோட கீறேன்.”

“இன்னாத்துக்கு பயப்படறே? போனா பலன் அந்த வூட்டுலயே தங்கிடும், அதானே? தங்கிட்டுப் போவட்டுமே. உன் தங்கச்சி வூடுதானே? அவளுக்காகத்தானே போயி வந்தே?”

அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. என்றைக்கோ ஒரு நாள் இப்படி ஒரு பேச்சு வரும். அதைக் காதில் வாங்கியிருக்கலாம். “நேந்துக்கினது நானு. சாமி குத்தம் ஆனா யார் தலையில விடியும்? அவ தலையில. இறங்கின காய்ச்சல் மறுபடி ஏறிச்சுன்னா நீ இறக்குவியா? சும்மா கெட மாமா” என்றேன்.

அதற்குள் அந்தக் கூட்டம் தடதடவென்று இறங்கித் தண்டவாளத்தைத் தாண்டி நேரே அந்த வீடுகள் பக்கம் போகிறது. கேமராக்காரர் கேட்காமல் கொள்ளாமல் தங்கச்சி வீட்டுக் கொய்யாக் கிளையை வளைத்துக் காய் பறிக்கிறார். இரண்டு பேர் செருப்புக் காலோடு வாசலில் ஏறித் தண்ணீர் கேட்கிறார்கள். நோயாளி உட்கார்ந்திருக்கிறாளே என்று ஒரு விவஸ்தை வேண்டாமா? “பாத்தியா அக்கிரமத்தை, பாத்தியா” என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொதித்தேன். நீலச் சேலைக்காரி நேரே கட்டிலில் போய் உட்கார்ந்துவிட்டாள். மலைக்குப் போய்வந்த காலோடு, முன்பின் தெரியாத வீட்டில்! மூட்டையிலிருந்து லட்டை எடுத்துத் தங்கச்சி கையில் கொடுக்கிறாள். என்னவோ பேசுகிறார்கள். தங்கச்சி நெஞ்சில் கை வைத்து என்னவோ கேட்கிறாள். அந்தப் பெண் எழுந்து வண்டியைப் பார்த்தாள்.

அப்புறம் ஓடி வந்தாள். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஜல்லிக் கல்லில் தடுமாறி, தண்டவாளத்தைத் தாண்டி என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

“அது உங்க தங்கச்சியாமே! மஞ்சள் புடவை கட்டிட்டு, மொட்டை போட்டுட்டு எங்க அக்கா வண்டியிலே இருக்காளான்னு கேட்டாங்க. உங்களைத்தான்னு எனக்கு உடனே தெரிஞ்சுபோச்சு. ஒரு நிமிஷம் பார்க்கணுமாம். வாங்க, இன்னும் பத்து நிமிஷம் வண்டி நிக்கும்னு கார்டு சொன்னார். நான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்.”

“நாளைக்கு வரேன்னு சொல்லிட்டேன். அவளுக்குத் தெரியும்” என்றேன்.

“அவங்களுக்கு உடம்பு சரியாவே இல்லைங்க. கை ஐஸா இருக்கு. வயிறு வலிக்குதுங்கறாங்க.”

அப்போதாவது இறங்கியிருக்கலாம். அந்தச் சொல் காதில் விழத்தான் செய்தது. ஆனால் குளத்தில் சோப்புப் போட்ட கூட்டம், மலைமேல் பூ வைத்த பெண், எனக்கு என் தங்கச்சி வீட்டுக்கு வழி காட்டுகிறாளா என்றுதான் புத்தி போயிற்று. “எங்க முறை ஒங்களுக்குத் தெரியாதும்மா. ஊர் சுத்திப் பாக்க வந்தா பாத்துட்டுப் போங்கோ. எங்க வூட்டு விஷயத்துல நொழையாதீங்கோ.”

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். அவளோ திரும்பி மறுபடியும் அந்த வீட்டுக்கே ஓடினாள். கட்டிலில் தங்கச்சிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். அதற்குமேல் எனக்குத் தெரியவில்லை, தர்மவரம் வண்டி நடுவில் வந்து நின்று வீட்டை மறைத்துவிட்டது. எங்கள் வண்டி நகர்ந்த பிறகுதான் அவள் அந்த வண்டியைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து ஏறினாள். எதிரே உட்காராமல் கதவோரமாகவே நின்றுகொண்டாள். சித்தூரில் நாங்கள் இறங்கும்வரை அங்கேயே நின்றாள். அவள் தலையில் பூ இல்லை. பயந்து எடுத்துவிட்டாளாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து வாசலைக் கழுவி, விளக்கேற்றி, லட்டைப் படைத்து, கற்பூரம் காட்டி விழுந்து கும்பிட்டேன். எழுந்தபோது மனசு லேசாக இருந்தது. ஒரு குறை வைக்கவில்லை என்று பெருமையாகக்கூட இருந்தது. அவளுக்கென்று பெரிய லட்டாக ஒன்று பித்தளை டப்பியில் எடுத்து வைத்தேன். சிக்கு எடுக்க நல்ல சீப்பு ஒன்றும் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை முதல் வண்டியில் போனோம். பாகாலாவில் இறங்கி எதிரே பார்த்தால் கொய்யா மரத்தடியில் ஆட்கள் நிற்கிறார்கள். கொய்யா மரத்தடியில் எதற்கு இத்தனை பேர் என்றுதான் யோசித்தேன், சத்தியமாக வேறு நினைப்பே வரவில்லை. சேதி சொல்ல ஆள் அனுப்பியிருந்தார்களாம். அந்த ஆள் போன வண்டியும் நாங்கள் வந்த வண்டியும் வழியில் தாண்டிக்கொண்டன.

முந்தின நாள் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் போயிருக்கிறாள். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். நான் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்த நேரம்.

உள்ளே படுக்க வைத்திருந்தார்கள். தலையை வழுவழுவென்று சீவி, ஒரு சிக்கு இல்லாமல் பின்னி, மல்லிகை வைத்திருந்தது. பூ வாடிப் பழுத்திருந்தது. முந்தின நாள் பூ. எனக்கு அந்தப் பூவைத் தெரியும்.

அவள் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுது அழுது சொன்னாள்: “யாரு பெத்த பொண்ணோ பெரியவளே, திரும்பி வந்து, அக்கா நாளைக்குக் கண்டிப்பா வந்துடுவாங்களாம்னு பக்குவமா சொல்லிச்சு. இவ மொகம் வாடிப்போனதைப் பாத்துட்டு, அக்கா வந்தா இன்னா செய்வாங்கன்னு கேட்டுச்சு. தலை வாருவான்னு இவ சொன்னா. ஒடனே சீப்பைக் கேட்டு வாங்கி, மெதுவா மெதுவா சிக்கெடுத்து வாரி, தன் தலைப் பூவை எடுத்து வெச்சிட்டுப் போச்சு. ஒரு சத்தம் போடல இவ. கண்ண மூடிக்கினு குந்திக்கினு இருந்தா.”

“வேற இன்னா சொன்னா?” என்று கேட்டேன்.

“லட்டைக் கண்ணுல ஒத்திக்கினா. துன்னல. அக்கா கொண்டாந்து தன் கையால குடுக்கட்டும், அப்பால துன்றேன்னு சொன்னா. எங்க அக்கா எறங்க மாட்டா, எனுக்காகத்தான் எறங்க மாட்டான்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சா.”

அந்த லட்டு தலைமாட்டில் இலையில் சுருட்டியபடி இருந்தது. என் டப்பியும் என் கையில் இருந்தது.

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்தால் பெண்கள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு அழுவார்கள். நான் மாரில் அடித்துக்கொண்டு தலைக்குக் கையைக் கொண்டுபோனேன். விரிக்க ஒன்றுமில்லை. சந்தனம்தான் விரலில் வந்தது. ஐயோ, அந்த மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிஷம் இருந்தது. இரண்டு தண்டவாளம்தான் தாண்ட வேண்டும். ஊர் பேர் தெரியாத ஒருத்தி நான்கு முறை தாண்டினாள். நான் தாண்டவில்லை.

சாமியை நான் குறை சொன்னதில்லை. அவர் வரச் சொன்னார், வந்தேன், போகச் சொன்னார். இறங்காதே என்று அவர் சொன்னாரா? என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சொன்னதை அதற்குப் பிறகு ஒரு நாளும் எடுத்துப் பேசவில்லை. பேசியிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன், கொஞ்சம் ஆறியிருக்கும். தங்கிட்டுப் போவட்டுமே. அந்த வார்த்தை அடுப்பங்கரையில், கிணற்றடியில், எங்கே இருந்தாலும் வந்து நிற்கும். பலன் அந்த வீட்டில் தங்கிவிடும் என்பது எனக்குத் தெரிந்ததுதானே. தெரிந்தே வேறு எங்கேயும் தங்காமல் என் வீட்டுக்குப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தேன்.

எல்லைச் சண்டை ஒரு வழியாக முடிந்து, திருத்தணி அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம் என்று ஆனது. தங்கச்சி புருஷன் மாற்றலாகிக் குண்டக்கல்லுக்குப் போய்விட்டான். என் மகளுக்கு முதல் முடி இறக்க மறுபடியும் மஞ்சள் கட்டிக்கொண்டு மலைக்குப் போனோம். மலையில் அதே மாதிரி கூட்டம், அதே மாதிரி கூச்சல், யாரோ ஒருத்தி தலையில் கனகாம்பரம். வாய் வரைக்கும் வந்தது. “கீழ போற வரைக்கும் எடுத்து வெச்சிக்கோ கண்ணு” என்று மட்டும் மெதுவாகச் சொன்னேன்.

திரும்பும்போது பாகாலாவில் வண்டி நின்றது. அவரிடம் ஒன்றும் சொல்லாமல் குழந்தையை அவர் மடியில் போட்டேன். மூட்டையிலிருந்து ஒரு லட்டை எடுத்துக்கொண்டு இறங்கினேன். தண்டவாளத்தைத் தாண்டினேன். மூன்றாவது வீடு. கொய்யா மரத்தை வெட்டியிருந்தார்கள். ஒரு தெலுங்குக்காரப் பெண், கைக்குழந்தையோடு வாசலில் நின்றாள். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டேன். மஞ்சள் புடவையையும் மொட்டையடித்த குழந்தையோடு வண்டியில் இருக்கிறவரையும் பார்த்துவிட்டுத் திகைத்தாள். மலையிலிருந்து வருகிறவர்கள் இப்படி வாசலில் ஏற மாட்டார்கள் என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் லட்டை அவள் கையில் வைத்தேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“லோபலிகி ரண்டம்மா, கூர்ச்சோண்டி” என்று கூப்பிட்டாள். “பண்டி இங்கா பதி நிமிஷாலு உண்டுந்தி.”

உள்ளே வந்து உட்காரச் சொல்கிறாள். வண்டி இன்னும் பத்து நிமிஷம் நிற்குமாம். வாசப்படியைத் தாண்டி உள்ளே போய், தங்கச்சியைப் படுக்க வைத்திருந்த இடத்தில் உட்கார்ந்தேன்.